குழாய்க்கும் ஒரு கம்பளி

திருவனந்தபுரத்தில் இருந்துகொண்டு குழாய்த் தண்ணீர் உறைந்துபோவதைப் பற்றிப் பேசப் புகுவது, சங்குமுகம் கடற்கரையில் நின்றுகொண்டு ஒட்டகத்துக்கு விலை பேசுவதைப் போன்றதுதான். இவ்வூரில் மார்கழி மாதத்து விடியற்காலையிலும் வெப்பநிலை இருபது டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். நண்பகலில் மொட்டை மாடித் தொட்டியிலிருந்து இறங்கி வரும் நீர் கையைச் சுடும். 1933ஆம் ஆண்டில் வில்லிங்டன் பிரபுவின் பெயரால் தொடங்கப்பெற்ற குடிநீர்த் திட்டத்தின் மூலம், கரமனை ஆற்றின் நீர் அருவிக்கரையிலிருந்து இந்நகரத்துக் குழாய்களில் ஓடத் தொடங்கிற்று. அன்று தொட்டு இன்றுவரை இங்குள்ள குழாய்கள் துருப்பிடித்துக் கெட்டதுண்டு. சாலை வெட்டுவோரின் கடப்பாரைக்கு இரையானதுண்டு. குளிரால் வெடித்தன என்று சொல்லக் கேட்டதில்லை.

ஆயினும், தமிழர்கள் தமிழ்நாட்டு எல்லைக்குள் அடங்கிக் கிடப்பவர்கள் அல்லர். வங்கியிலும் அஞ்சலகத்திலும் படையிலும் பள்ளியிலும் பணியாற்றும் நம்மவர்க்கு ஒருநாள் ஒரு காகிதம் வந்து சேருகிறது. அதில் சிம்லா என்றோ, ஸ்ரீநகர் என்றோ, லே என்றோ ஓர் ஊரின் பெயர் இருக்கிறது. உடனே வீட்டில் கம்பளிச் சட்டைகளைப் பற்றிய பேச்சு எழுகிறது. குழந்தைக்கு எத்தனை, பாட்டிக்கு எத்தனை, காலுறை எத்தனை இணை என்று கணக்குப் போடுகிறோம். அவ்வூரில் மனிதருக்கு மட்டுமன்றிக் குழாய்க்கும் கம்பளி வேண்டும் என்பதை நமக்குச் சொல்வார் இல்லை. நமக்கும் ஒருவரும் சொல்லவில்லை. சொல்லவில்லை என்பதுகூடச் சரியன்று. சொன்னார்கள், நமக்குத்தான் விளங்கவில்லை. அக்கதையை முதலில் கூறிவிடுவோம்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் நாம் சிம்லாவுக்கு மாற்றப்பட்டோம். மலைச்சரிவில் அமைந்த ஒரு வீட்டின் மேல்தளம் வாடகைக்குக் கிடைத்தது. சிம்லாவைப் பார்த்தவர்கள் அங்குள்ள ஒரு காட்சியை மறந்திருக்க மாட்டார்கள். விரல் பருமனும் அதற்குச் சற்று மேலும் உள்ள இரும்புக் குழாய்கள் பத்தும் இருபதுமாய்ச் சேர்ந்து, படிக்கட்டுகளின் ஓரமாகவும் சுவர்களின் மேலாகவும் வெட்டவெளியில் ஓடும். பாறை நிலத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் பள்ளம் தோண்டிக் குழாய் புதைப்பது எளிதன்று. ஆகவே அவை குளிருக்கு நேராக முகங்காட்டிக் கிடக்கின்றன.

முதற் குளிர்காலத்தில் அண்டை வீட்டார் செய்வதைப் பார்த்து நாங்களும் செய்தோம். கோணிச் சாக்கைப் பட்டை பட்டையாகக் கிழித்து, வெளிச்சுவரில் ஏறும் குழாயில் புண்ணுக்குக் கட்டுப் போடுவதுபோல் சுற்றி, சணற் கயிற்றால் கட்டினோம். அதன்மேல் நெகிழித்தாள் சுற்ற வேண்டும் என்று கடைத்தெருவில் ஒருவர் சொல்லவே அதையும் செய்தோம். அவ்வாண்டு ஓரிரு நாட்கள் காலையில் குழாய் அடம் பிடித்தது. ஒன்பது மணி வெயிலில் வழிக்கு வந்தது. அடுத்த ஆண்டு பொங்கலுக்கு ஊருக்குப் புறப்பட்டோம். புறப்படும் முன்னாள் மாலை வீட்டுக்காரர் வந்து, 'பானி நிகால் கர் ஜானா' என்று சொல்லிவிட்டுப் போனார். தண்ணீரை வெளியேற்றிவிட்டுப் போங்கள் என்பது பொருள்.

நாம் பிரபோத், பிரவீண், பிராக்ஞ என்னும் மூன்று இந்தித் தேர்வுகளையும் எழுதித் தேறியவர். மொழிபெயர்ப்பே நம் சோறு. ஆகவே ஐயத்துக்கே இடமில்லாமல் பொருள் கொண்டோம். வீட்டிலிருந்த குடம், அண்டா, வாளி எல்லாவற்றிலும் இருந்த நீரைக் கொட்டி, கவிழ்த்து வைத்துவிட்டு, நம் பக்கத்து வழக்கமே இங்கும் இருக்கிறதே என்று மகிழ்ந்து ரயிலேறினோம்.

பன்னிரண்டு நாட்கள் கழித்துத் திரும்பினோம். கீழ்த்தளத்தில் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவரும் அவர் மனைவியும் இருந்தனர். வாசலில் கயிறு கட்டி, அதில் ஏட்டுத் தாள்களைத் துணி உலர்த்துவதுபோல் தொங்கவிட்டிருந்தார் அப்பெரியவர். நம்மைக் கண்டதும் ஒன்றும் சொல்லாமல் மேலே கையைக் காட்டினார்.

நடந்தது இதுதான். நாங்கள் போன மூன்றாம் நாள் பனி பெய்து, பல நாட்கள் வெயில் முகம் காட்டவில்லை. மனிதர் இல்லாத வீடு. அடுப்பு இல்லை, கணப்பு இல்லை. குளியலறையின் வடக்குச் சுவரில் நாங்கள் சாக்குச் சுற்றாத உட்குழாய், முழங்கை போல் திரும்பும் இடத்தில் பிளந்துவிட்டது. பிளந்த நாளில் ஒருவருக்கும் தெரியவில்லை. பனிக்கட்டியே அடைப்பாக நின்று காத்தது. வெயில் திரும்பிய அன்றுதான் ஓட்டை வாய் திறந்தது. மேல்தொட்டி முழுதும் இறங்கிற்று. முறைத் தண்ணீர் வந்தபோது நிரம்பி மறுபடியும் இறங்கிற்று. மரத்தளத்தின் இடுக்குகள் வழியே அது சென்று சேர்ந்த இடம் பெரியவரின் புத்தக அலமாரி. மலைநாட்டுக் கிராமங்களில் பெண்கள் பாடும் பாடல்களை அவர் தம் உத்தியோக காலமெல்லாம் கேட்டுக் கேட்டு எழுதி வைத்திருந்த ஏடுகள் அதில் இருந்தன. பேனா மையால் எழுதியவை.

வீட்டுக்காரர் கேட்டது ஒரே கேள்வி: "தண்ணீரை இறக்கிவிட்டுப் போகும்படி சொன்னேனே?" அவர் சொன்னது குடத்து நீரை அன்று, குழாயினுள் நிற்கும் நீரை. தொட்டியின் வாயில் உள்ள வால்வை மூடி, கீழே உள்ள குழாய்களை எல்லாம் திறந்து, கடைசிச் சொட்டுவரை வடித்துவிட்டுப் போவது அம்மலை மக்களுக்குக் கதவைப் பூட்டுவது போன்ற பழக்கம். அதை எந்த அகராதியும் நமக்குச் சொல்லித் தரவில்லை.

இனி, நீர் ஏன் இவ்வாறு செய்கிறது என்பதைச் சிறிது பார்ப்போம். பெரும்பாலான பொருள்கள் குளிரக் குளிரச் சுருங்குகின்றன. நீரும் நான்கு டிகிரி வரையில் நல்ல பிள்ளையாகச் சுருங்குகிறது. அதற்குக் கீழே விரியத் தொடங்கி, பனிக்கட்டியாக மாறும்போது ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்பது பங்கு பருமன் கூடிவிடுகிறது. இதனால் பனிக்கட்டி குழாயைப் பக்கவாட்டில் நெட்டிப் பிளக்கிறது என்றுதான் நாமும் எண்ணியிருந்தோம். உண்மை அதனினும் நுட்பமானது. குழாயின் ஓரிடத்தில் பனிக்கட்டி முளைத்து அடைப்பாகிவிடுகிறது. அந்த அடைப்புக்கும் மூடிய திருகுக்கும் நடுவே உறையாத நீர் அகப்பட்டுக்கொள்கிறது. அடைப்பு வளர வளர அந்நீரைப் பிடித்துத் தள்ளுகிறது. நீருக்கு ஒதுங்க இடமில்லை. அப்போது எழும் அழுத்தம் நம் வீட்டுக் குழாயின் வழக்கமான அழுத்தத்தைப்போல் பல பத்து மடங்கு, சில வேளை நூறு மடங்குக்கு மேலும் ஏறும். ஆதலால் வெடிப்பு பனிக்கட்டி உள்ள இடத்திலேயே நேர வேண்டும் என்பதில்லை. பனியே இல்லாத மூலையில், வலிவு குறைந்த இணைப்பில் நேரலாம். அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்துக் கட்டட ஆய்வாளர்கள் 1990களில் குழாய்களை உறையவைத்துச் சோதித்து இதைத் தெளிவாக்கினார்கள்.

கடுங்குளிர் இரவில் குழாயை நூல் போலச் சொட்டவிட வேண்டும் என்று அவ்வூர்ப் பாட்டிமார் சொல்வதற்கும் காரணம் இதுவே. திருகு சற்றே திறந்திருந்தால் அகப்பட்ட நீருக்கு ஒரு வாசல் கிடைக்கிறது. நிலத்தடியிலிருந்து வரும் சற்றே வெதுவெதுப்பான நீர் ஓடிக்கொண்டும் இருக்கிறது. தண்ணீருக்குத் தட்டுப்பாடு உள்ள ஊரில் அதை வாளியில் பிடித்துக்கொள்ளலாம்.

அப்படியானால் சாக்கும் கம்பளியும் எதற்கு? இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். கம்பளி சூடு தருவதில்லை. உள்ளே உள்ள சூட்டை வெளியே போகவிடாமல் தாமதப்படுத்துகிறது, அவ்வளவே. நம் உடலுக்குள் ஓர் அடுப்பு எரிந்துகொண்டிருப்பதால் கம்பளி நமக்கு இதமாக இருக்கிறது. குழாய்க்குள் அடுப்பு இல்லை. ஆயினும் அந்தத் தாமதமே பல ஊர்களில் போதுமானது. ஏன் என்றால், ஒரு லிட்டர் நீரை ஒரு டிகிரி குளிரவைக்க ஒரு பங்கு வெப்பத்தை எடுத்தால் போதும்; ஆனால் பூஜ்யத்தில் நிற்கும் அதே நீரைப் பனிக்கட்டியாக்க எண்பது பங்கு வெப்பத்தை எடுக்க வேண்டும். இயற்கை நமக்கு அளித்த பெரிய தவணை இது. சிம்லாவைப் போல இரவில் சில மணி நேரம் உறைநிலைக்குக் கீழே சென்று, காலையில் வெயில் வந்துவிடும் ஊரில், உறை சுற்றிய குழாயின் நீர் அந்த எண்பது பங்கை இழந்து முடிப்பதற்குள் பொழுது விடிந்துவிடுகிறது. வெயில் வராமல் நாட்கணக்கில் குளிர் நின்றால், அதிலும் நீர் ஓட்டமின்றி நின்றால், எத்தனை சாக்கு சுற்றினாலும் தவணை ஒருநாள் தீர்ந்துபோகும். எங்கள் பூட்டிய வீட்டில் நடந்தது அதுவே.

நம் கேரளத்திலும் இதற்கு ஒரு சான்று உண்டு. மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்துவரும் நம் தமிழ் மக்கள் உறைபனியை நன்கு அறிவர். 2019 ஜனவரியில் அங்குச் சில தோட்டங்களில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே சென்று, தேயிலைத் தளிர்கள் கருகின. புல்வெளி உப்பைக் கொட்டியதுபோல் வெளுத்துக் கிடந்தது. உதகையிலும் இக்காட்சி உண்டு. ஆனால் அங்கெல்லாம் குளிர் தரைமட்டத்தில் சில நாழிகையே தங்குகிறது. மெல்லிய தளிருக்கு அது போதும். குழாய் நிறைய நீரை உறையவைக்கப் போதாது.

உறையைப் பற்றி இரண்டொரு குறிப்புச் சொல்ல வேண்டும். கோணி, வைக்கோல், பழங்கம்பளி எல்லாம் உலர்ந்திருக்கும் வரையிலேயே பயன்படும். அவற்றின் நூல்களுக்கிடையே சிக்கிய காற்றுத்தான் உண்மையான காவல். பனி உருகி நனைந்துவிட்டால் காற்று இருந்த இடத்தில் நீர் புகுந்து, உறையே குளிர்ந்த கச்சையாகிக் கெடுதல் செய்யும். அதனால்தான் மேலே நெகிழித்தாள். இக்காலத்தில் கடைகளில் நுரை ரப்பரால் ஆன நீண்ட குழல் கிடைக்கிறது. ஒரு பக்கம் கீறியிருக்கும். குழாயின்மேல் விரித்துப் போட்டு, கீறலைப் பட்டைத்தாளால் ஒட்டிவிட வேண்டும். நீளமான நேர்க்குழாயை அழகாக மூடிவிட்டு, மூலைகளையும் வால்வையும் நீர்மானியையும் வெறுமையாக விடுவதே நாம் எங்கும் காணும் தவறு. போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு காதை மட்டும் வெளியே நீட்டிக் கிடப்பதற்கு ஒப்பு.

குழாயின் இனமும் பார்க்கத்தக்கது. இரும்புக் குழாயும் பி.வி.சி. குழாயும் நெகிழ்ந்து கொடுக்கமாட்டா, பிளந்துவிடும். கறுப்பு நிறத்தில் சுருளாக விற்கும் பாலிஎதிலீன் குழாய் ஓரளவு விரிந்து சுருங்கும். ஆயினும் அதை இணைக்கும் பித்தளைத் துண்டுகள் விரியமாட்டா.

ஸ்ரீநகருக்குப் போகிறவர்கள் 'சில்லை கலான்' என்ற சொல்லை முதல் வாரத்திலேயே கேட்பார்கள். டிசம்பர் 21 தொடங்கி ஜனவரி முடியும் வரையில் உள்ள நாற்பது நாள் கடுங்குளிருக்கு அப்பெயர். 2024 டிசம்பரில் அது தொடங்கும் வேளையிலேயே ஸ்ரீநகரில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே எட்டரை டிகிரிக்கு இறங்கிற்று; ஐம்பது ஆண்டுகளில் டிசம்பர் மாதத்தில் காணாத குளிர் என்றார்கள். தால் ஏரியின் ஓரங்கள் உறைந்தன, குழாய்களும் உறைந்தன. தெருக்களில் மக்கள் குழாயின் அடியில் காகிதமும் சுள்ளியும் கொளுத்தி நீரை உருக்கும் படங்கள் நாளிதழ்களில் வெளிவந்தன.

படத்துக்கு அது நன்றாக இருக்கிறது; செய்வதற்கு நன்றன்று. மர வீடுகள் மிகுந்த ஊரில் சுவரோரம் தீ மூட்டுவது ஓர் ஆபத்து. இரண்டு பனி அடைப்புகளுக்கு நடுவே தீ பட்டால் அங்குள்ள நீர் ஆவியாகி, போக வழியின்றிக் குழாயையே வெடிக்கச் செய்வது மற்றோர் ஆபத்து. உறைந்த குழாயை இளக்க வேண்டுமானால் முதலில் திருகைத் திறந்து வைக்க வேண்டும். பின் திருகுக்கு அருகிலிருந்து தொடங்கி, வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியைச் சுற்றிச் சுற்றி, சிறிது சிறிதாக உள்நோக்கிப் போக வேண்டும். உருகிய நீர் வெளியேற வாசல் முன்னமே திறந்திருக்கும். கூந்தல் உலர்த்தும் மின்கருவியும் உதவும். நீர் சொட்டும் இடத்தில் மின்சாரத்தைக் கையாளும் எச்சரிக்கையோடுதான். குழாய் உறைந்திருக்கும் காலையில் அவசரப்பட்டு வெந்நீர்க் கொதிகலத்தின் பொத்தானைத் தட்டிவிடலாகாது. உள்ளே வரும் வழியும் வெளியே போகும் வழியும் பனியால் அடைபட்ட கலத்தைச் சூடாக்குவது விபரீதம்.

லே நகரின் நிலை வேறு. ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் உள்ள அவ்வூரில் நடுக்குளிர் இரவுகளில் பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரி வரையிலும் இறங்குவதுண்டு. நாம் முன்னே சொன்ன எண்பது பங்குத் தவணை அங்கே செல்லாது. மண்ணே பல அடி ஆழத்துக்கு உறைந்துவிடுகிறது. அதற்கும் கீழே, உறைபனி எட்டாத ஆழத்தில் குழாயைப் புதைப்பதே அங்கு முறை. 2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தின் கீழ் லடாக்கில் குழாய் பதித்தவர்களும் இவ்வாழத்தையே கருத்தில் கொள்ள வேண்டியிருந்தது. வீட்டுக்குள் ஏறும் கடைசிச் சில அடிகளுக்கு, உறைக்குள்ளே மின்கம்பி ஓட்டிச் சூடாக்கும் ஏற்பாடும் உண்டு. மின்சாரம் நின்றால் அதுவும் நின்றுவிடும். பல விடுதிகள் குளிர்காலத்தில் குழாய்களை வடித்து மூடிவிட்டு, வாளியில் நீர் கொடுக்கின்றன. நம்மவர் சிலர் இதைக் குறையாகச் சொல்லக் கேட்டிருக்கிறோம். அது அவ்வூராரின் அனுபவ அறிவு. நீரே வேண்டாத உலர் கழிப்பிடத்தை லடாக்கியர் பன்னெடுங்காலமாகக் கையாண்டு வருவதும் இவ்வறிவின் பாற்பட்டதே.

அங்கேயே ஒரு வேடிக்கையும் உண்டு. பொறியாளர் சோனம் வாங்சுக் 2013 வாக்கில் சோதனை செய்து, பின்னர்ப் பெரிதாக்கிய 'பனி ஸ்தூபி'யைப் பலர் கேள்வியுற்றிருக்கலாம். உயரமான இடத்து ஓடைநீரைக் குழாய் வழியே கீழே கொணர்ந்து, செங்குத்தான குழாயின் நுனியில் பீச்சி, இரவுக் குளிரில் உறையவைத்துக் கோபுரம்போல் வளர்க்கிறார்கள். வசந்தத்தில் விதைப்புக்கு நீர் தேவைப்படும் வேளையில் அது மெல்ல உருகிக் கொடுக்கும். நீர் உறைய வேண்டும் என்பதே அங்கு நோக்கம். ஆனால் குழாயை விட்டு வெளியே வந்த பிறகுதான் உறைய வேண்டும். வழியிலேயே உறைந்துவிட்டால் காரியம் கெட்டது. ஆகவே பனியை விளைவிப்பவர்களும் குழாயை மண்ணுக்குள் புதைத்தே காப்பாற்ற வேண்டியிருக்கிறது.

குளிர் வழக்கமாக வாராத ஊரில் வந்துவிட்டால் இழப்பு பெரிது. 2021 பிப்ரவரியில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் அதைக் கண்டோம். வெப்ப நாட்டு வீடுகள். கூரையின் அடியிலும் வெளிச்சுவரிலும் குழாய்கள் காவலின்றி ஓடின. சில நாட்கள் நீடித்த கடுங்குளிரில் மின்சாரமும் தடைப்பட, எண்ணற்ற வீடுகளில் குழாய்கள் பிளந்து கூரையிலிருந்து நீர் கொட்டியது. அங்கு வாழும் நம் உறவினர் ஒருவர், குழாயை எங்கே மூடுவது என்று தெரியாமல் ஒரு மணி நேரம் தேடியதாகச் சொன்னார். நமக்கு நம் சிம்லா வீடு நினைவுக்கு வந்தது.

அப்பெரியவரின் ஏடுகளுக்கு வருவோம். உலர்ந்த பின் பாதித் தாள்கள் படிக்க முடிந்தன. மீதியில் மை கரைந்து நீலக் கறையாக நின்றது. வீட்டுக்காரருக்கு நாம் கொடுக்க வேண்டிய பழுது செலவைக் கொடுத்துத் தீர்த்தோம். இதைக் கொடுத்துத் தீர்க்க வழியில்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் கீழே சென்று அமர்ந்தோம். அவர் எஞ்சிய எழுத்தைப் பார்த்தும் நினைவிலிருந்தும் ஒவ்வொரு பாடலாகச் சொல்ல, நாம் புதிய ஏட்டில் எழுதினோம். இந்த முறை மை கரையாத பேனா. நினைவுக்கு வராத அடிகளுக்கு இடம் விட்டு எழுதும்படி சொல்வார். அவர் மனைவி தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, சில வேளை அந்த வெற்றிடத்தைத் தாமே பாடி நிரப்புவதும் உண்டு. மாறுதல் பெற்றுத் திருவனந்தபுரம் வரும்வரை, இரண்டு குளிர்காலம், இது நடந்தது. ஏட்டில் சில இடங்கள் வெறுமையாகவே நின்றன. அவற்றைப் பற்றி அவர் ஒருநாளும் பேசியதில்லை, நாமும் பேசவில்லை.

சென்ற ஆண்டு, இங்குச் சாலைக் கடைவீதியில் வாணிகம் செய்யும் தமிழ் நண்பர் ஒருவரின் மகனுக்கு ஸ்ரீநகரில் வங்கி வேலை கிடைத்தது. போய்ச் சேர்ந்ததும் தொலைபேசியில் கூப்பிட்டான்.

"மாமா, இங்கே குளிர் கடுமையாகத்தான் இருக்கிறது. இன்னும் எத்தனை கம்பளி வாங்கலாம்?"

"கம்பளி இருக்கட்டும், தம்பி. உன் வீட்டுக்குத் தண்ணீர் வரும் வழியை மூடுகிற வால்வு எங்கே இருக்கிறது?"

"தெரியாதே, மாமா."

"வீட்டுக்கார அம்மாவைக் கேள். தண்ணீரை எப்படி வடிப்பது என்று செய்துகாட்டச் சொல். வாயால் சொன்னால் போதாது. கையால் செய்துகாட்ட வேண்டும்."

மறுநாள் மாலை மீண்டும் கூப்பிட்டான். வால்வு கொல்லைப்புறத்தில் விறகு அடுக்கின் பின்னே மறைந்திருந்ததாம். அந்த அம்மாள் விறகை விலக்கி, இரண்டு முறை மூடித் திறந்து காட்டினாராம். இருட்டில் தேட வேண்டாமென்று அதன்மேல் ஒரு சிவப்புத் துணியைக் கட்டி வைத்திருப்பதாகச் சொன்னான்.